உப்புத் தண்ணீர்ச் சாலை – 4: ஒரு பவுண்டு தானியம்

கூவத்தோடு வழி முடிந்துவிட்டது. படகுகள் அதற்கு மேல் தெற்கே போக முடியாமல் நிற்கின்றன. சென்ற வாரம் கதையை அங்கேதான் நிறுத்தினோம்.

வடக்கே பாசில் காக்ரேன் 1806 வாக்கில் எண்ணூர் வரை வெட்டி முடித்த பதினோரு மைல் கால்வாய். 1837இல் அரசு அதைத் தன் கைக்கு எடுத்துக்கொண்ட பிறகு, பழவேற்காட்டைத் தாண்டி ஆந்திரக் கரையோரமாக அது நீண்டுகொண்டே போனது. அடையாற்றுக்குத் தெற்கே இன்னொரு கால்வாய், பாலாற்றை நோக்கி. இரண்டும் ஒரே கடலோரம், ஒரே உப்புத் தண்ணீர். ஆனால் நடுவில் சுமார் ஐந்து மைல் தரை கிடந்தது. சேப்பாக்கம், திருவல்லிக்கேணி, மயிலாப்பூர், மந்தைவெளி. ஸ்ரீஹரிகோட்டாக் காட்டு விறகும் வடக்குத்தி உப்பும் கூவம் வரை சுகமாக மிதந்து வரும். அதற்கப்பால் மாட்டுவண்டிதான்.

அந்த ஐந்து மைலைக் கால்வாயாக்கியவர்கள் யார்? இன்று சேப்பாக்கத்தில் பறக்கும் ரயில் ஏறுகிறவர்களில் எத்தனை பேர் கீழே எட்டிப் பார்த்துவிட்டு இந்தக் கேள்வியைக் கேட்டிருப்பார்கள் என்று தெரியவில்லை. விடை தெரிய வேண்டுமென்றால் நம் பாட்டிமார்கள் பெயர் சொல்லவே பயந்த ஓர் ஆண்டுக்குப் போக வேண்டும்.

தாது வருடம்.

*

1876. ஐப்பசி வந்தது, மழை வரவில்லை. கார்த்திகையும் போயிற்று. ஏரிகள் நிரம்பவில்லை, விதைத்தது கருகியது. கையில் இருந்ததை விற்றுத் தின்றார்கள். பிறகு மாட்டை, பிறகு கதவையும் கூரை மரத்தையும். அதற்கும் பிறகு நடக்க ஆரம்பித்தார்கள். சிலர் இலங்கையின் காப்பித் தோட்டங்களுக்கு. பலர் சென்னைக்கு.

சென்னையில் அரிசி இருந்தது. இந்தப் பஞ்சத்தில் நெஞ்சை அறுக்கிற விஷயமே இதுதான். கடற்கரையில் கப்பல்களிலிருந்து இறங்கிய மூட்டைகள் மலையாக அடுக்கிக் கிடந்தன. வாங்கக் காசுதான் இல்லை. விலையை வியாபாரிகள் பார்த்துக்கொள்வார்கள், அரசு சந்தையில் கை வைக்கக் கூடாது என்பது வைஸ்ராய் லிட்டனின் கொள்கை. சென்னை அரசு துணிந்து முப்பதாயிரம் டன் தானியம் வாங்கியபோது, பாராட்டு அல்ல, கண்டனம்தான் கல்கத்தாவிலிருந்து வந்தது. 1877 ஜனவரி முதல் தேதி டெல்லியில் தர்பார் கூட்டி, விக்டோரியா மகாராணியை இந்தியாவின் சக்ரவர்த்தினி என்று முழங்கினார்கள். அதே மாதம் சென்னைக்கு ஒருவர் வந்து சேர்ந்தார். அவர் கையில் ஒரு தராசு இருந்தது என்றே சொல்லலாம்.

பெயர் சர் ரிச்சர்ட் டெம்பிள்.

இந்த மனிதரின் முன்கதை தெரிந்தால்தான் அடுத்து நடந்தது புரியும். மூன்று ஆண்டுகளுக்கு முன், 1874இல், பீகாரில் பஞ்சம் வந்தபோது இதே டெம்பிள் பர்மாவிலிருந்து அரிசியைக் கொண்டுவந்து குவித்தார். சாவு மிகக் குறைவு. அதற்காக அவருக்குக் கிடைத்தது மாலை அல்ல, வசை. ஊதாரி என்றார்கள், அரசுப் பணத்தை வாரி இறைத்தவர் என்றார்கள். அந்தப் பட்டத்தைத் துடைத்துக்கொள்ள அவருக்கு ஒரு வாய்ப்பு வேண்டியிருந்தது. லிட்டன் அதைக் கொடுத்தார். பஞ்சத்தைப் பார்வையிட்டுச் செலவைக் கட்டுப்படுத்தும் பிரதிநிதியாக டெம்பிள் தெற்கே அனுப்பப்பட்டார். உயிரைக் காத்ததற்காக ஏச்சு வாங்கிய அதிகாரி அடுத்த தடவை என்ன செய்வார்?

நிவாரண வேலையில் மண் வெட்டும் ஆணுக்கு நாள் ஒன்றுக்கு ஒரு பவுண்டு தானியம் வாங்கும் கூலி போதும் என்றார் அவர். அதாவது சுமார் 450 கிராம். அதற்கு மேல் கைச்செலவுக்கு ஏதோ சில்லறை. பெண்களுக்கும் பிள்ளைகளுக்கும் அதிலும் குறைவு. நாள் முழுக்கக் கடப்பாரை போடுகிறவனுக்கு, கூடை சுமக்கிறவளுக்கு.

*

இதை எதிர்த்து ஒரு குரல் எழுந்தது. ஊர்வலத்திலிருந்து அல்ல, அரசாங்கத்துக்கு உள்ளேயிருந்து. டாக்டர் வில்லியம் ராபர்ட் கார்னிஷ், சென்னை மாகாணத்தின் சுகாதார ஆணையர். உடம்பு எவ்வளவு தின்றால் வேலை செய்யும், எவ்வளவு குறைந்தால் தன்னையே தின்னத் தொடங்கும் என்று கணக்குத் தெரிந்த மருத்துவர். சிறைக் கைதிக்குக்கூட இதைவிட அதிகச் சோறு போடுகிறோமே, குற்றம் செய்யாத குடியானவனுக்கு ஏன் இந்தத் தண்டனை என்று அவர் அறிக்கை மேல் அறிக்கையாக எழுதினார். குறைந்தது ஒன்றரைப் பவுண்டாவது வேண்டும், பருப்பும் வேண்டும் என்று வாதாடினார். டெம்பிள் பதில் எழுதினார். கார்னிஷ் மறுத்து எழுதினார். இரண்டு பேரும் காகிதத்தில் மோதிக்கொண்டிருந்தபோது, தானியத்தை வாங்கிக் கஞ்சி காய்ச்சியவர்களின் விலா எலும்புகளை எண்ண முடிந்தது.

எனக்கு இந்த வரலாற்றில் கார்னிஷ்தான் நாயகர். அவர் புரட்சிக்காரர் அல்ல; சம்பளம் வாங்கிய அதிகாரி. பொய்யான எண்ணைப் பொய் என்று எழுதினார், எழுதிக்கொண்டே இருந்தார். பத்திரிகைகளும் சேர்ந்துகொண்டன. 1877இல் கூலி உயர்ந்தது: ஒன்றேகால் பவுண்டு தானியம், அதோடு ஒன்றரை அவுன்ஸ் பருப்பு. கார்னிஷ் கேட்டது முழுதாகக் கிடைக்கவில்லை. கிடைத்ததும் பலருக்குக் காலம் கடந்துதான் கிடைத்தது. தென்னிந்தியா முழுவதிலும் அந்தப் பஞ்சம் தின்ற உயிர்கள் ஐம்பது லட்சத்துக்கும் மேல்.

அப்படி உயிரைப் பிடித்துக்கொண்டு வந்தவர்களுக்குக் கொடுக்கப்பட்ட பல வேலைகளில் ஒன்றுதான் நம் ஐந்து மைல்.

*

வாருங்கள், நடந்தே பார்ப்போம்.

சேப்பாக்கத்தில் கிரிக்கெட் மைதானத்துக்குப் பின்னால் கூவத்திலிருந்து கால்வாய் பிரிகிறது. முதலில் மூக்குதான் அதைக் கண்டுபிடிக்கும். தலைக்கு மேலே பறக்கும் ரயிலின் பாலம். 1990களில் கால்வாயின் நெஞ்சிலேயே தூண்களை இறக்கிக் கட்டியது. தண்ணீர் கறுத்து, நகராமல் நிற்கிறது. திருவல்லிக்கேணி, கலங்கரை விளக்கம், முண்டகக்கண்ணியம்மன் கோயில், திருமயிலை, மந்தைவெளி என்று ரயில் நிலையங்களின் பெயரை வரிசையாகச் சொன்னால் போதும், பழைய படகு வழியின் வரைபடம் கிடைத்துவிடும். 1878இல் படகு போன தடத்தின் மேலேயே இன்று ரயில் போகிறது.

கரையில் நடக்கும்போது நிலத்தைக் கவனியுங்கள். கடல் பக்கம் கொஞ்சம் மேடு, உள்பக்கமும் மேடு, நடுவில் தாழ்வு. கடல் காலங்காலமாகப் போட்டுவிட்டுப் போன மணல் திட்டுகள் இவை. வெட்டுவதற்கு மணல் இளகினது. ஆனால் வெட்ட வெட்டச் சரியும். அள்ளிய இடத்திலேயே மறுபடி அள்ள வேண்டும். இயந்திரம் கிடையாது. மண்வெட்டி, கூடை, தலைச் சும்மாடு. ஆண்கள் வெட்ட, பெண்கள் சுமந்து கரையேற்ற, பிள்ளைகள் பின்னால். ஒவ்வொரு கூடையும் அந்த ஒரு பவுண்டு தானியத்தின் பலத்தில் ஏறியது.

வெறும் பள்ளம் தோண்டினால் கால்வாய் ஆகிவிடாது. ஒரு முனை கூவத்தில், மறுமுனை அடையாற்றில். இரண்டின் முகத்துவாரத்தையும் கோடையில் மணல் அடைக்கும், மழையில் வெள்ளம் உடைக்கும். அதனால் ஆற்றைச் சந்திக்கும் இடங்களில் மதகுக் கதவுகள் வைத்து, உள்ளே தண்ணீர் மட்டத்தை நிலையாக நிறுத்த வேண்டியிருந்தது. படகு ஒரு கதவுக்குள் நுழையும், பின்னால் அது மூடப்படும், மட்டம் சமமாகும், முன் கதவு திறக்கும். இந்த நுட்பம் பொறியாளர்களுடையது. அவர்களின் வரைபடங்கள் கோப்புகளில் இருக்கின்றன. கூடை சுமந்தவர்களின் பெயர்கள்?

அந்தப் பஞ்சத்தைப் புகைப்படம் எடுத்த ராணுவ அதிகாரி வில்லோபி வாலஸ் ஹூப்பரின் படங்கள் இன்றும் கிடைக்கின்றன. எலும்பும் தோலுமாய் வரிசையாக உட்கார்த்தி வைக்கப்பட்ட குடும்பங்கள் கேமராவைப் பார்த்துக்கொண்டிருக்கின்றன. ஒருவருக்கும் பெயர் இல்லை. நடக்கும் வழியெல்லாம் தேடியும், இவர்களை நினைத்து நட்ட ஒரு கல்கூட என் கண்ணில் படவில்லை. சென்னை நகரத்துக்கு நடுவே ஐந்து மைல் நீளத்துக்குக் கிடக்கிறது இவர்களின் நினைவுச் சின்னம். நாம் அதைச் சாக்கடை என்று கூப்பிடுகிறோம். அதன் கரையில் குடிசை போட்டிருந்த குடும்பங்களை ஊருக்கு வெளியே கண்ணகி நகருக்கும் பெரும்பாக்கத்துக்கும் ஏற்றி அனுப்பினோம். கால்வாயை வெட்டியவர்களும் ஊரைவிட்டு வந்த ஏழைகள்தான். அதன் கரையில் ஒதுங்கியவர்களும் அப்படியே. இந்த இரண்டு வரிசைகளையும் சேர்த்துப் பார்க்காமல் இந்தக் கால்வாயின் வரலாற்றை எழுத எனக்கு மனம் வரவில்லை.

*

1878. ஐந்து மைலும் முடிந்தது. பெயர் வைக்கும் நேரம் வந்தது.

அப்போது சென்னை ஆளுநர், மூன்றாம் பக்கிங்காம் பிரபு. இவர் தந்தை கடனில் மூழ்கி, 1848இல் குடும்ப அரண்மனையின் சாமான்களை ஏலம் விட்ட மனிதர். மகன் அந்தக் கடனோடு மல்லுக்கட்டி எழுந்தவர். லண்டன் அண்ட் நார்த் வெஸ்டர்ன் ரயில்வேயின் தலைவராக இருந்தவர். ஆம், ரயில்காரர். படகுப் போக்குவரத்துக்குப் பின்னாளில் எமனாக வந்த அதே ரயில். அந்த ரயில்காரரின் பெயர்தான் காக்ரேன் வெட்டிய பழைய பகுதியையும் சேர்த்துக் கால்வாய் முழுவதற்கும் வைக்கப்பட்டது. பெரம்பூர்ப் பக்கத்துப் பஞ்சாலைக்கும் அதே பெயர்.

அவரைக் கொடியவர் என்று நான் சொல்ல மாட்டேன். தானியம் வாங்கியது அவருடைய அரசுதான். டெம்பிளின் படியைக் கடைசியில் உயர்த்தியதும் அவருடைய அரசுதான். ஆனாலும் ஒரு மண்வெட்டியைக்கூடப் பிடிக்காத பெயர் அது. 1889இல் அவர் இறந்தார், ஆண் வாரிசு இல்லாமல் அந்தப் பிரபுப் பட்டமே அற்றுப்போனது. இங்கிலாந்தில் மறைந்த பட்டம் மந்தைவெளியில் இன்னும் புழங்குகிறது.

கால்வாய் முழுசாகச் சேர்ந்ததும் ஊரின் வயிறு மாறியது. லஸ் முனைக்கருகே படகுகள் ஒதுங்கி, காய்கறி இறங்கியது. தண்ணீர்த்துறை மார்க்கெட் அந்தத் துறையில் பிறந்ததுதான். அங்கே ஒரு முதிய கடைக்காரரிடம் படகைப் பார்த்திருக்கிறீர்களா என்று கேட்டேன். “சின்னப் புள்ளையில பாத்திருக்கேன் தம்பி. சவுக்குக் கட்ட, வைக்கோலு, கிளிஞ்சலு எல்லாம் வரும். பாய் விரிச்சு வரும். காத்து இல்லேன்னா ஆளு இழுக்கணும்” என்றார்.

1882இல் தெற்கு முனை மரக்காணத்தைத் தொட்டது. வடக்கே பெத்தகஞ்சாமிலிருந்து மரக்காணம் வரை 420 கிலோமீட்டர். கடலில் புயல் அடித்தாலும் கரைக்குள் பத்திரமாகப் போகும் நீர்வழி. சரக்கு மட்டுமா? ஆட்களும் ஏறினார்கள்.

அந்தக் கடைக்காரர் சொன்ன கடைசி வார்த்தையைப் பிடித்துக்கொள்ளுங்கள். ஆளு இழுக்கணும். வெட்டியவர்கள் போன பிறகு, இழுப்பவர்கள் வந்தார்கள்.

1934. சென்னையிலிருந்து மாமல்லபுரத்துக்கு ஒரு தோணி கிளம்புகிறது. அதில் சுயமரியாதை இயக்கத்து நண்பர்கள் சிலர். அவர்களோடு புதுச்சேரிக்காரர் ஒருவர், பள்ளி ஆசிரியர், பாட்டு எழுதுகிறவர். பெயர் பாரதிதாசன். பொழுது சாய்கிறது. பனைமரங்களும் வெட்டவெளியும் பின்னால் நகர்கின்றன. கவிஞர் இயற்கையில் கரைந்துபோய் உட்கார்ந்திருக்கிறார். “மாவலிபுரச் செலவு” என்ற கவிதை அவருக்குள் உருவாகிக்கொண்டிருக்கிறது. ரசித்துக்கொண்டே வந்தவரின் கண் தற்செயலாகக் கரைப்பக்கம் திரும்புகிறது. தோணியிலிருந்து நீளும் கயிற்றின் மறுமுனையில் ஓர் ஆள்.

அந்த ஆளைப் பார்த்த பிறகு கவிதை எந்தப் பக்கம் திரும்பியது? அந்தக் கயிற்றை இழுத்தவர்களின் நாள் எப்படிக் கழிந்தது, எத்தனை பேர் சேர்ந்தால் விறகுப் படகு நகர்ந்தது, காற்றும் நீரும் எதிர்த்தால் என்ன செய்தார்கள்?

(அடுத்த வாரம்: கயிற்றின் மறுமுனை)