கட்டட உமிழ்வும் வெளிச்சான்றும்: கொடைக்கானல் வெப்பமானித் தொழிலகத்தை முன்வைத்து ஒரு வரலாற்று நோக்கு

ஆய்வுச் சுருக்கம்

பெருநகரக் கட்டடங்களின் பசுமைக்குடில் வாயு உமிழ்வைப் பதிவுசெய்வது பல நகரங்களில் சட்டக் கடமையாகி வருகிறது. அக்கணக்கைப் பெரும்பாலும் கட்டட உரிமையாளரே அளிக்கின்றனர். இத்தகைய கணக்கிற்கு வெளிச்சான்று ஏன் தேவை என்பதைக் கொடைக்கானல் பாதரச வெப்பமானித் தொழிலகத்தின் வரலாற்றைக் கொண்டு இக்கட்டுரை ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: கொடைக்கானல், பழனி மலை, பாதரசம், லைக்கன், உமிழ்வுக் கணக்கு, பசுமைக்குடில் வாயு.

முன்னுரை

ஒரு கட்டடம் வெளியிடும் கரியமில வாயு கண்ணுக்குப் புலப்படுவதில்லை. மின்கட்டணச் சீட்டையும் எரிபொருள் பற்றுச்சீட்டையும் உமிழ்வுக் கெழுவால் பெருக்கியே அது எண்ணாக்கப்படுகிறது. நியூயார்க் மாநகரம் 2009இல் இயற்றிய சட்டம், பெருங்கட்டடங்கள் தம் ஆற்றல் நுகர்வை ஆண்டுதோறும் அறிவிக்க வேண்டும் என்றது. 2019இல் வந்த மற்றொரு சட்டம், 25,000 சதுர அடிக்கு மேற்பட்ட கட்டடங்களில் பெரும்பாலானவற்றுக்கு 2024 முதல் உமிழ்வு வரம்பு விதித்தது. இந்தியாவில் 2001ஆம் ஆண்டின் எரிசக்திச் சேமிப்புச் சட்டமும், 2007இல் வெளியான கட்டட நெறித்தொகுப்பும், 2022இல் நிறைவேறிய சட்டத்திருத்தமும் இத்திசையில் அமைந்தவை. இவை அனைத்திற்கும் அடிப்படை கட்டடத்தின் உள்ளிருந்து வரும் கணக்கு. அக்கணக்கை எந்த அளவிற்கு நம்பலாம் என்னும் வினா, பழனி மலையில் வேறொரு பொருளைக் குறித்து முன்னரே எழுந்தது.

தொழிலகமும் அதன் கணக்கும்

அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்து வாட்டர்டவுனில் இயங்கிய சீஸ்பரோ-பாண்ட்ஸ் நிறுவனத்தின் வெப்பமானித் தொழிலகம் 1983இல் கொடைக்கானலுக்கு இடம்பெயர்ந்தது. யூனிலீவர் 1987இல் அந்நிறுவனத்தை வாங்கியது. 1998இல் நடந்த இணைப்பினால் கொடைக்கானல் தொழிலகம் இந்துஸ்தான் லீவரின் உடைமையாயிற்று. பாதரசம் அயல்நாட்டிலிருந்து வந்தது; வெப்பமானிகள் அயல்நாட்டிற்கே சென்றன.

பாதரசம் அறை வெப்பத்திலேயே ஆவியாகும். எனவே உடைந்த கண்ணாடி, தரையில் சிந்திய துளி, காற்றுப்போக்கி ஆகிய ஒவ்வொன்றும் உமிழ்வாயிலே. இத்தகைய இடத்தில் உமிழ்வை அறிய முதல் வழி பொருட்சமன் கணக்கு. உள்ளே வந்த பாதரசத்திலிருந்து விற்பனைப் பொருளில் சென்றதையும் இருப்பையும் கழிவில் தங்கியதையும் கழித்தால், எஞ்சுவது இழப்பாகும். ஆனால் பேரளவுகளைக் கழித்துச் சிற்றளவு ஒன்றைப் பெறும் இம்முறையில், பதிவில் நேரும் சிறு பிழையும் விடையைப் பெரிதும் மாற்றிவிடும். மேலும், இழப்பு எவ்வளவு என்பதை மட்டுமே இது சொல்லும். இழந்தது எங்கே சென்றது என்பதைச் சொல்லாது.

2001 மார்ச்சில் கணக்கிற்கு வெளியே இருந்த ஒன்று வெளிப்பட்டது. மூஞ்சிக்கல் பகுதியிலுள்ள பழைய பொருள் கிடங்கொன்றில் பாதரசம் கலந்த கண்ணாடிக் கழிவு மூட்டைகளாகக் கிடந்ததை உள்ளூர் மக்களும் பழனி மலைப் பாதுகாப்புக் குழுவும் கிரீன்பீஸ் அமைப்பும் வெளிக்கொணர்ந்தன. அதன் எடை 7.4 டன் என அவ்வியக்கத்தினர் தெரிவித்தனர். தன் நடைமுறைகளுக்கு மாறாக அக்கழிவு விற்கப்பட்டது என்று நிறுவனம் ஒப்புக்கொண்டது. அம்மாதமே தொழிலகம் மூடப்பட்டது. 2003இல் ஏறத்தாழ 290 டன் கழிவு, பாதரசத்தைப் பிரித்தெடுப்பதற்காகப் பென்சில்வேனியாவிற்குக் கப்பலேற்றப்பட்டது.

லைக்கனும் ஏரிப்படிவும்

கிடங்கில் கிடந்த கழிவை எடைபோட முடிந்தது. காற்றில் கலந்ததை அவ்வாறு எடைபோட இயலவில்லை. அதற்குச் சான்றாக மரப்பட்டைகளில் வளரும் லைக்கன்களும் பாசிகளும் அமைந்தன. அவற்றுக்கு மண்ணிலிருந்து உணவெடுக்கும் வேர் இல்லை. காற்றிலிருந்தும் மழை, மூடுபனி ஆகியவற்றிலிருந்தும் வருவதையே ஏற்கின்றன. எனவே அவற்றில் சேர்ந்துள்ள உலோகம் காற்றின் வழி வந்தது எனக் கொள்ளலாம். ஐதராபாத்திலுள்ள, பாபா அணு ஆராய்ச்சி மையத்தைச் சேர்ந்த பொருட்கூறு ஆய்வு மைய அறிவியலாளர்கள் இவற்றை ஆராய்ந்து 2003இல் முடிவுகளை வெளியிட்டனர்.

2006இல் வெளிவந்த அவர்களது மற்றோர் ஆய்வு கொடைக்கானல் ஏரியைப் பற்றியது. தொழிலக நிலத்தின் வடிநீர் பாம்பாறு சோலை வழியே இறங்குகிறது. ஏரியின் நீர்ப்பிடிப்பு வேறு. ஆகவே ஏரிக்குப் பாதரசம் வந்ததெனின் காற்றுவழியைக் கருதியே ஆகவேண்டும். தொழிலகம் வருவதற்கு முந்தைய அளவீடு இல்லாத குறையை ஈடுசெய்யப் பேரிஜம், குக்கல் ஏரிகள் ஒப்பீட்டிற்குக் கொள்ளப்பட்டன. கொடைக்கானல் ஏரிப்படிவில் பாதரசம் அவ்விரண்டையும்விட மிகுந்திருந்தது. ஏரி மாசடைந்ததற்குத் தொழிலக உமிழ்வே காரணம் என்னும் முடிவிற்கு ஆய்வாளர்கள் வந்தனர்.

இச்சான்றால் எல்லாப் பூசலும் தீரவில்லை. தொழிலக மண்ணில் கிலோவிற்கு 20 மில்லிகிராம் வரை பாதரசம் எஞ்சலாம் என்னும் தூய்மைப்படுத்தல் அளவை எதிர்த்தோர், சோலைக்காட்டை ஒட்டிய நிலத்திற்கு அது பொருந்தாது என்றனர். உடல்நலப் பாதிப்பை முன்னிட்டு முன்னாள் தொழிலாளர் 2006இல் சென்னை உயர் நீதிமன்றத்தில் தொடுத்த வழக்கு, 591 பேருடனான உடன்பாட்டால் 2016 மார்ச்சில்தான் முடிவுற்றது.

ஒப்புமையும் வேற்றுமையும்

பாதரசத்தையும் கரியமில வாயுவையும் ஒருநிலையில் வைத்தல் தகாது. பாதரசத்தில் ஒரு பகுதி அருகிலேயே படிந்து தன் தோற்றுவாயைக் காட்டிக்கொடுக்கும். கரியமில வாயுவோ உலகக் காற்றுவெளி முழுவதும் கலந்துவிடும். எந்த லைக்கனும் அது எந்தக் கட்டடத்திலிருந்து வந்தது எனக் கூறாது. எனவே கட்டட உமிழ்வில் உள்கணக்கைத் தவிர்க்க இயலாது. அதனாலேயே அதைப் பிறர் சரிபார்ப்பதும் மேலும் இன்றியமையாததாகிறது. தனிக்கட்டட அளவில் மின்வாரியம், எரிபொருள் வழங்குவோர் ஆகியோரின் பதிவுகள் உரிமையாளரின் அறிக்கைக்கு எதிர்க்கணக்காகலாம். நகர அளவில் அமெரிக்காவின் இண்டியானாபொலிஸில் நடைபெற்றதுபோல், கோபுரங்களிலும் வானூர்தியிலும் காற்றை அளந்து கணக்கேட்டின் கூட்டுத்தொகையோடு ஒப்பிடலாம்.

முடிவுரை

கொடைக்கானல் வரலாறு மூன்று செய்திகளை உணர்த்துகிறது. உமிழ்வோர் தரும் கணக்கு தேவையானது. ஆனால் அது மட்டும் போதாது. வெளிச்சான்று வலுப்பெறத் தொடக்கநிலை அளவீடு வேண்டும். கொடைக்கானலில் அது இல்லாமையால் பிற ஏரிகளைத் தேட நேர்ந்தது. அளவீடு காலத்தே நிகழ வேண்டும். லைக்கன் ஆய்வு வெளிவந்தபோது தொழிலகம் மூடப்பட்டு ஈராண்டுகள் கழிந்திருந்தன. கட்டட உமிழ்வுக்குச் சட்டம் வகுக்கும் நகரங்கள், வரம்பை விதிக்கும் முன்பே சரிபார்ப்பு முறையையும் நிறுவுதல் நலம்.