தில்லி குடிபெயர்ந்த கதை

என் ஆசிரியப் பணிக் காலத்தில் ஒன்பது முறை வீடு மாறியிருக்கிறேன். மாறுதல் உத்தரவு கைக்கு வந்த அன்றே ஒரு நாற்பது பக்க நோட்டை எடுத்து வைத்துக்கொண்டு சாமான்களை வரிசை எண்ணிட்டு எழுதத் தொடங்கிவிடுவேன். பித்தளை அண்டாவுக்குள் சிறு பாத்திரங்கள், அவற்றின் இடையிடையே பழந்துணி, சாக்கு மூட்டைகளின்மேல் எண், லாரியில் முதலில் ஏற வேண்டியது பீரோ, கடைசியில் ஏறி முதலில் இறங்க வேண்டியது அடுப்பும் பால் காய்ச்சும் பாத்திரமும் என்று யாவும் ஒழுங்காக நடைபெறும். ஒரு பீங்கான் கோப்பை கூட உடைந்ததில்லை என்று சொல்லிக்கொள்வதில் எனக்குச் சற்றுப் பெருமையும் உண்டு.

அதே பெருமையோடுதான் ஆண்டுதோறும் வகுப்பில் முகமது பின் துக்ளக்கின் தலைநகர் மாற்றத்தை நடத்தினேன். அரசன் ஒருவன் திட்டமே இல்லாமல் ஓர் ஊரையே பெயர்த்துக்கொண்டு போனான், பிறகு அதே ஊருக்குத் திரும்பக் கொண்டுவந்தான் என்று சொன்னால் பிள்ளைகள் சிரிப்பார்கள்; நானும் சிரிப்பேன். 1968இல் சோ அவர்களின் நாடகம் மேடையேறிய பிறகு, தமிழ்நாட்டில் துக்ளக் என்ற பெயரே நகைப்புக்கு உரியதாயிற்று அல்லவா? ஓய்வுக்குப் பின் மூலநூல்களின் மொழிபெயர்ப்புகளை நிதானமாகப் படித்தபோதுதான், நான் நடத்திய பாடத்தில் பாதி பிழை என்பது புலப்பட்டது.

நேயர்களே, நடந்தது என்னவென்று பார்ப்போம். சுல்தான் தேர்ந்துகொண்ட ஊர், யாதவ மன்னர்களின் தலைநகராக விளங்கிய தேவகிரி. செங்குத்தான குன்றின்மேல் அமைந்த கோட்டை அது. இன்றைய மகாராட்டிர மாநிலத்தில், முன்பு ஔரங்காபாத் எனப்பட்ட சத்ரபதி சம்பாஜிநகருக்கு அருகே உள்ளது. தௌலதாபாத் என்று அதற்குப் புதுப் பெயர் வழங்கிற்று. தில்லிப் பேரரசு அப்பொழுது தெற்கே மதுரை வரை எட்டியிருந்தது. வடகோடியில் அமர்ந்துகொண்டு இத்தனை தொலைவை ஆளுவது எளிதன்று. நாட்டின் நடுவில் ஒரு தலைநகர் வேண்டும் என்று அவன் எண்ணியதில் பைத்தியக்காரத்தனம் எதுவும் எனக்குத் தெரியவில்லை.

எண்ணியதைச் செய்த முறையிலும் திட்டம் இருந்தது. 1327ஆம் ஆண்டை ஒட்டி முதலில் சென்றவர்கள் சுல்தானின் தாயாரும் அரச குடும்பத்தாரும் பெருந்தலைவர்களும். அவர்களோடு யானைகளும் குதிரைகளும் கருவூலமும் சென்றன. ஏனையோரின் முறை அடுத்து வந்தது. குடிபெயர்ந்தோரின் வீடுகளுக்கு விலை கொடுக்கப்பட்டது என்றும், வழிநெடுகத் தங்குமிடங்கள் அமைக்கப்பட்டன என்றும் யஹ்யா சர்ஹிந்தி என்னும் பிற்கால வரலாற்றாசிரியர் எழுதுகிறார். சுல்தானைக் கண்டித்து எழுதிய பரணியே, குடிபெயர்ந்தவர்களுக்கு வழியிலும் ஊர் சேர்ந்த பின்னும் அவன் தாராளமாக வழங்கினான் என்று ஒப்புக்கொள்கிறார். அச்சாலையில் பயணம் செய்த இபின் பதூதா, தில்லியிலிருந்து தௌலதாபாத்துக்கு நாற்பது நாள் பயணம் என்றும், இருமருங்கும் மரங்கள் நிற்பதால் தோட்டத்தினூடே நடப்பது போலிருக்கும் என்றும், மைலுக்கு மூன்று அஞ்சல் நிலைகள் உண்டு என்றும் குறித்துள்ளார். என்னுடைய நாற்பது பக்க நோட்டில் இதில் நூறில் ஒரு பங்கு கூட இல்லை!

தில்லியில் ஒரு நாயும் பூனையும் கூட மிஞ்சவில்லை என்று பரணி எழுதியதை நான் வகுப்பில் அப்படியே சொல்லிவந்தேன். குருடர் ஒருவரை இழுத்துச் சென்றதாகவும், கால் ஒன்று மட்டுமே தௌலதாபாத் போய்ச் சேர்ந்ததாகவும் இபின் பதூதா கூறும் கதையையும் சேர்த்துக்கொள்வேன். ஆனால் இபின் பதூதா தில்லிக்கு வந்ததோ 1334இல். அவர் கண்ணால் கண்ட செய்தி அன்று அது. தில்லிப் பகுதியில் கிடைத்த 1327, 1328ஆம் ஆண்டுகளின் வடமொழிக் கல்வெட்டுகள் ஊர் வழக்கம்போல் வாழ்ந்துகொண்டிருந்ததையே காட்டுகின்றன. பெயர்ந்தவர்கள் பெரும்பாலும் தலைவர்கள், அலுவலர்கள், சமயப் பெரியோர்கள், அவர்தம் குடும்பத்தார் ஆகியோரே என்று ஆகா மஹ்தி உசேன் போன்ற ஆராய்ச்சியாளர்கள் நிறுவியுள்ளனர்.

இவ்வளவும் அறிந்தபின் துக்ளக்கின் பக்கம் சாய்ந்துவிடலாம் என்றுதான் நினைத்தேன். அப்பொழுதுதான் இசாமியின் நூல் கைக்கு வந்தது.

இசாமி என்பவர் அக்குடிபெயர்ப்பில் சென்ற ஒரு சிறுவர். அப்பொழுது பதினாறு வயது. அவருடைய பாட்டனாருக்குத் தொண்ணூறு. படைத்தலைமைப் பதவியிலிருந்து விலகி, வீட்டோடு ஒடுங்கியிருந்த அம்முதியவர் உறங்கிக்கொண்டிருந்த நேரத்தில் சுல்தானின் ஆட்கள் அவரை வெளியே இழுத்துவந்தனர். தில்லிக்கு மிக அருகில் உள்ள தில்பத் என்னும் முதல் தங்குமிடத்திலேயே அவர் உயிர் பிரிந்தது. அங்கேயே அடக்கம் செய்துவிட்டு மற்றவர்கள் மேலே நடந்தார்கள். இசாமி துக்ளக்கை எதிர்த்து எழுந்த அரசன் ஒருவனின் ஆதரவில் எழுதியவர். ஆகையால் மிகைப்படுத்தும் இயல்பு அவரிடம் உண்டு. ஆயினும் பாட்டனாரைப் பற்றிய அந்தப் பகுதியை ஐயுற எனக்கு மனம் வரவில்லை.

அதற்குக் காரணம் உண்டு. ஓய்வு பெற்றதும் நாங்கள் ஒன்பதாவது முறையாக வீடு மாறியபோது என் தந்தையாருக்கு எண்பத்தாறு வயது. பத்தொன்பது ஆண்டுகள் குடியிருந்த வீடு அது. சாமான்கள் ஏறும் வரை அவர் திண்ணையிலேயே உட்கார்ந்திருந்தார். புது வீட்டில் எல்லாம் அதனதன் இடத்தில் மாலைக்குள் அமைந்துவிட்டன. விளக்கேற்றும் நேரத்தில் அவர் கைத்தடியை ஊன்றிக்கொண்டு வாசலுக்கு வந்து, “நேரமாகிவிட்டது, எப்போதப்பா வீட்டுக்குப் போகலாம்?” என்று கேட்டார். மறுநாளும் கேட்டார். எட்டு மாதங்கள், அவர் மறையும் வரை, அநேகமாக எல்லா மாலையும் கேட்டார். அவர் காலமான பிறகு அந்த நோட்டை எடுத்துப் பார்த்தேன். முப்பத்தொன்றாம் எண்ணில், “அப்பா, கைத்தடி, மருந்துப் பெட்டி: முன் இருக்கை” என்று என் கையெழுத்திலேயே இருந்தது. போவதா வேண்டாமா என்று அவரை நான் ஒரு சொல் கேட்டிருக்கவில்லை.

பரணியும் ஏறக்குறைய இதையேதான் கூறுகிறார். தலைமுறை தலைமுறையாக ஓரூரில் வாழ்ந்தவர்கள் பிரிவைத் தாங்காமல் வழியிலேயே பலர் மாண்டனர்; சேர்ந்தவர்களும் ஊர் நினைவால் வாடினர் என்பது அவர் எழுத்தின் சாரம். வாங்கிய வீட்டு விலையும் வழியில் நின்ற மரநிழலும் அதற்கு ஈடாகவில்லை.

திட்டத்தைக் குலைத்த கடைசி அடி நம் தமிழகத்திலிருந்து சென்றது. 1335ஐ ஒட்டி மதுரையில் சுல்தானின் ஆளுநராயிருந்த ஜலாலுதீன் அசன் தனியரசனாகத் தன்னை அறிவித்துக்கொண்டான். அவனை அடக்கப் புறப்பட்ட சுல்தானின் படை வாரங்கல்லை அடைந்தபோது கொள்ளைநோயால் பெரிதும் அழிந்தது; சுல்தானும் நோயுற்றான். மதுரைக்கு வராமலே திரும்பிய அவன், தௌலதாபாத்தில் இருந்தவர்களுள் விரும்பியோர் தில்லிக்குத் திரும்பலாம் என்று ஆணையிட்டான். எந்தத் தென்னாட்டைக் கட்டியாள்வதற்காகத் தலைநகரைப் பெயர்த்தானோ, அந்தத் தென்னாடே கையைவிட்டுப் போயிற்று.

எல்லாரும் திரும்பிவிடவில்லை. கவிஞர் அமீர் அசனும் துறவியார் புர்ஹானுதீன் கரீபும் தௌலதாபாத்துக்கு அடுத்த குல்தாபாத்தில் அடங்கியுள்ளனர். 1347இல் தௌலதாபாத்திலேயே கலகக்காரர்கள் தனியரசு நாட்டினர். பாமினி அரசு அதிலிருந்து பிறந்தது. இன்று ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும் நாம் கேட்கும் தக்காண உருதின் வேர்களுள் ஒன்று, தில்லியிலிருந்து அன்று நடந்து வந்தவர்களின் பேச்சில் இருக்கிறது. இசாமியும் தக்காணத்திலேயே தங்கிவிட்டார். பதினாறு வயதில் பாட்டனாரைத் தில்பத்தில் விட்டு வந்த அவர், தம் நூலை எழுதி முடித்தபோது ஆண்டு 1350. இருபது ஆண்டுகளுக்கு மேல் ஆகியிருந்தன.