தென்னகத்தின் பெருமைமிகு கால்பந்து அணிகள்: ஒரு வரலாற்றுப் பதிவு

பொங்கல் முடிந்து சம்பா அறுவடையானதும் காய்ந்த வயலில் சுண்ணாம்புக் கோடு இழுத்து, மூங்கில் நட்டு, அதையே கோல் கம்பமாக்கி ஆடி வளர்ந்தவர்கள் நாம். நம் புதுச்சேரியின் வில்லியனூர் ஆனாலும் பாகூர் ஆனாலும் ஏரிக்கரைத் திடலில் பந்து உருண்டால் வேலை முடிந்து திரும்புபவர் சைக்கிளை நிறுத்தி ஐந்து நிமிடம் பார்த்துவிட்டுத்தான் போவார். நம் ஊர் அணிகளின் கதையை அந்தந்த ஊர்ப் பெரியவர்கள்தான் சொல்ல வேண்டும். அந்த அணிகள் எந்தப் பெரிய அணிகளைப் பார்த்து வளர்ந்தனவோ, எந்தப் பெயர்களைச் சொல்லிச் சொல்லி நம் முன்னோர் பந்தைத் தொட்டார்களோ, அவற்றின் வரலாற்றை இம்மலரில் பதிவு செய்வது நம் கடமை. அவற்றில் பல இன்று ஆடுகளத்தில் இல்லை. ஆனால் தென்னாட்டு இளைஞனும் நாட்டுக்காக ஆடலாம் என்று காட்டியவை அவையே.

இந்நாட்டில் கால்பந்து ராணுவப் பாசறைகளின் வழியாக நுழைந்தது. 1888இல் சிம்லாவில் டுராண்ட் கோப்பை, 1891இல் பம்பாயில் ரோவர்ஸ் கோப்பை, 1893இல் கல்கத்தாவில் ஐ.எப்.ஏ. கேடயம் என்று பெரும் போட்டிகள் அடுத்தடுத்துத் தொடங்கின. பரிசு வாங்கியவர்கள் நெடுநாள் வெள்ளைக்காரப் படைப்பிரிவினரே. தெற்கே அந்த ஆட்டம் வேர் பிடித்த இடங்களில் முதன்மையானது பெங்களூர் தண்டு. பாசறைக்கு வேலை தேடிச் சென்ற தமிழ்க் குடும்பங்கள் அல்சூரிலும் கௌதமபுரத்திலும் ஆஸ்டின் டவுனிலும் குடியேறின. சிப்பாய்கள் ஆடுவதை வேலியோரம் நின்று பார்த்த பிள்ளைகள் பிறகு தெருவில் ஆடினார்கள். 1937இல் பெங்களூர் முஸ்லிம்ஸ் அணி ரோவர்ஸ் கோப்பையை வென்றது. அக்கோப்பையைக் கைப்பற்றிய முதல் இந்திய அணி அதுதான். மறு ஆண்டும் கோப்பையைத் தக்கவைத்துக்கொண்டது. இதற்குச் சற்று முன்னர், 1934இல், சென்னையில் மதராஸ் கால்பந்துச் சங்கம் உருவாகியிருந்தது.

நாற்பதுகளில் தெற்கின் பெயர் நாடு முழுவதும் கேட்டது. 1946ஆம் ஆண்டுப் போட்டியில் மைசூர் அணி வங்காளத்தை வென்று சந்தோஷ் கோப்பையைத் தெற்கே கொண்டுவந்தது. இரண்டு ஆண்டு கழித்து லண்டன் ஒலிம்பிக். வரதராஜ், சண்முகம், வஜ்ரவேலு, தன்ராஜ், சாரங்கபாணி ராமன் என்று இந்திய அணியின் பட்டியலைப் படிக்கும்போது நம் தெருக்காரர்களைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவது போலிருக்கும். 1948 ஜூலை 31 அன்று லண்டனை அடுத்த இல்ஃபோர்டில் விடுதலை இந்தியாவின் முதல் ஒலிம்பிக் கால்பந்து ஆட்டம் நடந்தது. எதிரே நின்றது பிரான்ஸ். இந்திய வீரர்களில் பெரும்பாலோர் காலில் காலணி இல்லை. கிடைத்த இரண்டு பெனால்டிகளும் வீணாயின. கடைசி நிமிடங்களில் பிரான்ஸ் 2-1 என்று வென்றது. ஆனால் இந்தியாவின் அந்த ஒற்றைக் கோலை, ஒலிம்பிக் கால்பந்தில் இந்தியா அடித்த முதல் கோலை, அடித்தவர் சாரங்கபாணி ராமன். அன்று வில்லியனூரிலும் பாகூரிலும் பறந்தது பிரெஞ்சுக் கொடி. நம்மை ஆண்ட நாட்டின் வலைக்குள் ஒரு தமிழ்ப்பெயர் கொண்டவர் வெறுங்கால் தோழர்களோடு நின்று பந்தைச் செலுத்தினார் என்பதை நம் பிள்ளைகளுக்குச் சொல்லி வைக்க வேண்டும்.

அந்நாளைய பந்தை இன்றைய பிள்ளைகள் பார்த்திருக்க மாட்டார்கள். தோல் துண்டுகளைத் தைத்து, உள்ளே ரப்பர் பிளாடர் வைத்துக் காற்றடித்து, அதன் வாயைக் கட்டி உள்ளே தள்ளி, மேலே தோல் வாரால் இறுக்கித் தைப்பார்கள். மழையில் நனைந்தால் தோல் நீரை உறிஞ்சிப் பந்து கல்லாகக் கனக்கும். தலையால் முட்டுகிறவர் நெற்றியில் அந்த வார் முடிச்சு பட்டால் தடிப்பு இரண்டு நாள் இருக்கும். அப்படிப்பட்ட பந்தை வெறுங்காலால் உதைத்தவர்கள் அவர்கள். அந்த ஒலிம்பிக் அணியில் இருந்த தன்ராஜும் அகமது கானும் கல்கத்தா சென்று ஈஸ்ட் பெங்கால் அணியில் வெங்கடேஷ், அப்பாராவ், சாலே ஆகியோருடன் சேர்ந்தார்கள். ஐவருமே தென்னாட்டுக்காரர்கள். வங்காள ரசிகர்கள் அவர்களைப் பஞ்ச பாண்டவர்கள் என்று கொண்டாடினார்கள். 1949, 1950, 1951 என மூன்று ஆண்டும் தொடர்ந்து ஐ.எப்.ஏ. கேடயம் அவர்கள் வசமானது.

ஐம்பதுகளே பொற்காலம். 1954 அக்டோபர் 18 அன்று நம் கீழூரில் 178 பிரதிநிதிகள் கூடி, 170 பேர் இந்தியாவோடு இணைய வாக்களித்தார்கள். நவம்பர் 1 அன்று நாம் இந்தியாவோடு இணைந்தோம். அதற்கு அடுத்த ஆண்டு, நீலகிரியில் வெலிங்டன் பாசறையில் இருந்த மதராஸ் ரெஜிமெண்டல் சென்டர் அணி டெல்லி சென்று டுராண்ட் கோப்பையை வென்றது. விடுதலைக்குப் பின் அக்கோப்பையை வென்ற முதல் ராணுவ அணி அதுதான். 1758இல் வேர் கொண்ட மதராஸ் ரெஜிமெண்டின் போர் முழக்கமான ‘வீர மதராசி, அடி கொல்லு’ கால்பந்துக் களத்துக்கும் பொருந்தியது. 1958இல் கூர்க்கா பிரிகேட் அணியை வீழ்த்தி இரண்டாம் முறையும் கோப்பையை வெலிங்டனுக்குக் கொண்டுவந்தார்கள்.

அந்த அணியின் கோல் வாயிலில் நின்றவர் பீட்டர் தங்கராஜ். ஆறடிக்கு மேல் உயரம். ஹைதராபாத்தில் பிறந்து பட்டாளத்தில் சேர்ந்தவர். தொடக்கத்தில் சென்டர் ஃபார்வர்டாக ஆடி, பின்னரே கோல்கீப்பரானார். 1956 மெல்போர்ன், 1960 ரோம் என இரண்டு ஒலிம்பிக்கில் இந்தியாவுக்காக ஆடினார். 1958இல் ஆசியாவின் சிறந்த கோல்கீப்பர் என்ற பெருமையும் 1967இல் அர்ஜுனா விருதும் அவரைத் தேடி வந்தன. கோல்கீப்பர் பந்தைக் கையால் எறிந்தே எதிரணியின் பாதி வரை அனுப்பலாம் என்று இங்கே கற்றுக்கொடுத்தவர் அவர் என்பார்கள் மூத்த ரசிகர்கள். தென்னகக் கால்பந்தில் ஒரே ஒருவர் பெயரைத்தான் எழுதலாம் என்றால் நான் தங்கராஜின் பெயரையே எழுதுவேன்.

அதே காலத்தில் ஹைதராபாத் நகரப் போலீஸ் அணி 1950 முதல் 1954 வரை ஐந்து ஆண்டு தொடர்ந்து ரோவர்ஸ் கோப்பையை வென்று ஈடற்ற சாதனை படைத்தது. அதன் பயிற்சியாளர் சையது அப்துல் ரஹீம் பள்ளி ஆசிரியராக வாழ்வைத் தொடங்கியவர். அவர் பயிற்றுவித்த இந்திய அணி மெல்போர்னில் ஆஸ்திரேலியாவை 4-2 என வென்று அரையிறுதிக்குச் சென்றது. நெவில் டிசோசா மூன்று கோல், நான்காவது கோல் நம் கிருஷ்ணசாமி. கிட்டு என்றால்தான் கால்பந்து உலகுக்குத் தெரியும். ரோம் ஒலிம்பிக் அணியில் சைமன் சுந்தரராஜ் இடம்பெற்றார். அவர் ஆடிய அணிகளுள் ஒன்று பம்பாயின் கால்டெக்ஸ். எண்ணெய் நிறுவனம் நடத்திய அந்த அணி 1958இல் ரோவர்ஸ் கோப்பையை வென்றது. இன்று அந்த அணி இல்லை.

1962 ஆகஸ்ட் 16 அன்று புதுச்சேரி சட்டப்படி இந்தியாவின் பகுதியானது. மூன்று வாரம் முடிவதற்குள், செப்டம்பர் 4 அன்று, ஜகார்த்தாவில் ஆசிய விளையாட்டுப் போட்டியின் இறுதி ஆட்டத்தில் இந்தியா தென்கொரியாவை 2-1 என்று வென்று தங்கம் பெற்றது. நாம் சட்டப்படி இந்தியக் குடிமக்களானபின் கண்ட முதல் பெரிய கால்பந்து வெற்றி அது. அன்றும் கோல் வாயிலில் தங்கராஜ் நின்றார். கௌதமபுரம் தந்த அருமைநாயகமும் அந்த அணியில் இருந்தார். பயிற்சியாளர் ரஹீம் புற்றுநோயால் உடல் நலிந்திருந்த நிலையிலும் வீரர்களை விட்டு அகலவில்லை. 1963 ஜூன் 11 அன்று அவர் காலமானார். ஹைதராபாத் போலீஸ் அணி அதன்பின் பழைய உயரத்தை எட்டவில்லை. வந்தவாசியில் பிறந்து கௌதமபுரத்தில் வளர்ந்து கல்கத்தாவின் மோகன் பகானுக்கும் ஈஸ்ட் பெங்காலுக்கும் ஆடிய பூங்கம் கண்ணனை, ஆசியாவின் பெலே என்று ஜெர்மானியப் பயிற்சியாளர் டெட்மர் கிராமர் பாராட்டியதும் அறுபதுகளின் கதையே.

எழுபதுகளில் தொழிற்சாலை அணிகள் தலைநிமிர்ந்தன. பெங்களூர் தூரவாணி நகரில் தொலைபேசிக் கருவி செய்த ஐ.டி.ஐ. நிறுவனத்தின் அணி, 1977இல் எர்ணாகுளத்தில் நடந்த முதல் ஃபெடரேஷன் கோப்பையின் இறுதி ஆட்டத்தில் மோகன் பகானை 1-0 என வென்றது. அதே ஆண்டு செப்டம்பரில் பெலே ஆடிய காஸ்மாஸ் அணியோடு 2-2 என்று சமன் செய்த மோகன் பகான்தான் அது. அடுத்த ஆண்டு ஃபெடரேஷன் கோப்பை கோயம்புத்தூருக்கு வந்தது. சென்னையில் ஐ.சி.எப்., தென்னக ரயில்வே அணிகள் லீகில் வலுவோடு ஆடின.

இந்த அணிகளின் பலம் எதில் இருந்தது என்பதைச் சொல்லியாக வேண்டும். ஏழை வீட்டுப் பையன் நன்றாக ஆடினால் விளையாட்டு ஒதுக்கீட்டில் வேலை கிடைத்தது. காலையில் பயிற்சி, பிறகு பணி, போட்டிக் காலத்தில் விடுப்பு, மாதம் பிறந்தால் சம்பளம். தங்கைக்குக் கல்யாணம் செய்து வைத்தவர்களும் ஓட்டு வீடு கட்டியவர்களும் காலால் சம்பாதித்தவர்களே. ஆட்டம் நின்ற பின்னும் வேலை நிலைத்தது, ஓய்வூதியம் வந்தது. பெற்றோர் பிள்ளையைத் திடலுக்கு அனுப்பத் தயங்காததற்கு அதுவே காரணம். நம் பக்கத்துக் கிராமங்களில் கால்பந்து பரவியதற்கும் அந்த நம்பிக்கை துணை நின்றது.

தொண்ணூறுகளில் அந்தப் பொறுப்பைச் சென்னையில் இந்தியன் வங்கி ஏற்றது. 1993இல் நேரு விளையாட்டரங்கம் புதுப்பொலிவோடு எழுந்தது. 1995இல் அந்நகரில் தெற்காசிய விளையாட்டுப் போட்டி நடந்தபோது கால்பந்தில் தங்கம் வென்ற இந்திய அணியில் இந்தியன் வங்கியின் சபீர் பாஷா இருந்தார். 1996-97இல் தேசிய லீக் முதன்முறையாகத் தொடங்கியது. மோகன் பகானே இறுதிச் சுற்றுக்குத் தகுதி பெறாத அந்த ஆண்டு, இந்தியன் வங்கி அச்சுற்றில் ஆடியது. நம் மண்ணின் ராமன் விஜயன் 1997-98 லீகில் ஈஸ்ட் பெங்காலுக்காக 10 கோல் அடித்து முதலிடம் பெற்றார். தஞ்சையின் குலோத்துங்கன், 2003இல் ஜகார்த்தாவில் ஆசியான் கிளப் கோப்பையை வென்ற ஈஸ்ட் பெங்கால் அணியில் ஆடினார்.

பின்னர் காலம் மாறியது. நிறுவனங்களில் வீரர்களுக்கான புதிய நியமனங்கள் குறைந்தன. இந்தியன் வங்கி தேசிய லீகின் முதல் பிரிவிலிருந்து இறங்கியது. 2010இல் மும்பையின் மஹிந்திரா யுனைடெட்டும், முதல் தேசிய லீகை வென்ற பஞ்சாபின் ஜே.சி.டி. 2011இலும் கலைந்தன. ஐ.டி.ஐ.யின் புகழும் பழங்கதையானது. எந்த அணியும் களத்தில் தோற்று அழியவில்லை. அவற்றைத் தாங்கிய தொழில்கள் மாறின, கணக்குகள் மாறின.

இத்தனைக்குப் பிறகும் தமிழகம் ஒரு முறை உச்சம் தொட்டது. 2018-19 ஐ-லீகில் சென்னை சிட்டி அணி, கோயம்புத்தூர் நேரு விளையாட்டரங்கைத் தாய்க்களமாகக் கொண்டு ஆடியது. பயிற்சியாளர் சிங்கப்பூரைச் சேர்ந்த அக்பர் நவாஸ். முன்கள வீரர் பெட்ரோ மான்சி 21 கோல் அடித்தார். எட்வின் வன்ஸ்பால், ரொமாரியோ ஜேசுராஜ் போன்ற தமிழக இளைஞர்கள் அணிக்குத் தோள் கொடுத்தார்கள். 2019 மார்ச் 9 அன்று கடைசி ஆட்டத்தில் மினர்வா பஞ்சாபை 3-1 என வென்று, 43 புள்ளிகளுடன், ஈஸ்ட் பெங்காலை ஒரே புள்ளியில் முந்தி, பட்டம் பெற்றது. அதே பருவத்தில் மதுரையின் சேது எப்.சி. மகளிர் அணி இந்திய மகளிர் லீகை வென்றது. ஆண்கள் பட்டமும் பெண்கள் பட்டமும் ஒரே ஆண்டில் தமிழகத்துக்கு வந்தன. 2021இல் சென்னை சிட்டி ஐ-லீகை விட்டு நீங்கியது. ஆனாலும் அந்தப் பட்டம் தமிழகத்தின் கணக்கில் என்றும் இருக்கும்.

வெலிங்டன் வீரர்களுக்கு ரெஜிமெண்ட் ஆவணம் உண்டு. ஒலிம்பிக் வீரர்களுக்கு ஏடுகள் உண்டு. அவர்களைப் பார்த்து ஆடிய வில்லியனூர், பாகூர் கொம்யூன் ஆட்டக்காரர்களுக்கு நாம்தான் ஆவணம். உங்கள் வீட்டுப் பரணில் பழைய கோப்பை இருக்கலாம், சுவரில் குழுப்படம் இருக்கலாம், பெட்டியில் டோர்னமெண்ட் துண்டறிக்கையோ கறுத்துப்போன பதக்கமோ இருக்கலாம். படத்தின் பின்பக்கம் வரிசைப்படி பெயர்களையும் ஊரையும் ஆண்டையும் எழுதுங்கள். ஒரு பிரதி எடுத்து உங்கள் ஊர் நூலகத்திலோ பள்ளியிலோ கொடுங்கள். பெயர் தெரிந்த பெரியவர்கள் நம்மிடையே இருக்கும்போதே இதைச் செய்து முடிக்குமாறு இம்மலரின் வாசகர் ஒவ்வொருவரையும் கேட்டுக்கொள்கிறோம்.