எந்தப் பெட்டி முன்னே, எந்தப் பெட்டி பின்னே

நத்தம் மாரியம்மன் கோயில் மாசித் திருவிழா என்றால் வெளியூர்க்காரர்களுக்குப் பூக்குழியும் கழுமரம் ஏறுவதும்தான் நினைவுக்கு வரும். எனக்கு முதலில் நினைவுக்கு வருவது ஒரு கருப்பு ஒயர். எழுபதைத் தொடப்போகும் இந்த வயதிலும், எங்காவது ஒரு மேடையில் கிட்டார்க்காரர் காலடியில் நாலைந்து சின்னப் பெட்டிகளைப் பரப்பி வைத்திருந்தால், என் கண் பெட்டியைப் பார்ப்பதில்லை. எந்த ஒயர் எதிலிருந்து எதற்குப் போகிறது என்றுதான் பார்க்கும். காரணத்தைப் பின்னால் சொல்கிறேன்.

எங்கள் சிறு வயதில் ஊருக்குள் இருந்த ஒரே மின்சார இசை ரேடியோ செட்தான். கல்யாணமா, சடங்கா, கோயில் கொடையா, முதல் நாளே வண்டியில் பெட்டி வந்து இறங்கும். இசைத்தட்டு சுழலும் பிளேயர், அதற்கு அடுத்து ஆம்ப்ளிஃபையர், அதற்கு அடுத்து புளியமரத்து உச்சியில் கட்டிய குழாய். ஊசி தட்டில் உரசி எடுக்கும் மெல்லிய மின்சாரத்தை ஆம்ப்ளிஃபையர் பெருக்கும், பெருக்கியதைக் குழாய் ஊருக்குச் சொல்லும். ஊசியில் தூசி ஒட்டியிருந்தால் அந்தக் கரகரப்பும் பெருகி அடுத்த ஊர்வரை போகும். முதலில் நுழைந்த குற்றம் கடைசிவரை கூடவே வரும் என்ற பாடத்தை நான் கற்றது அங்கேதான். கற்றேன் என்று அப்போது எனக்குத் தெரியாது.

பிறகு கிட்டார் வந்தது. தமிழ்ப் படங்களில் கிட்டார் முன்பே ஒலித்தாலும், எங்கள் பக்கத்துப் பையன்களுக்கு அதன்மேல் பித்துப் பிடித்தது 1976க்குப் பிறகு. அந்த ஆண்டு 'அன்னக்கிளி' வந்தது. இசையமைத்தவர் பண்ணைப்புரத்துக்காரர், அதாவது எங்கள் பழைய மதுரை மாவட்டத்துக்காரர். அண்ணன் பாவலர் வரதராஜனோடு ஊர் ஊராகக் கட்சி மேடைகளில் வாசித்தவர். சென்னைக்குப் போய் தன்ராஜ் மாஸ்டரிடம் மேற்கத்திய இசை கற்றவர், தானே கிட்டார் கலைஞர். 1980இல் அவருடைய நூறாவது படமான 'மூடுபனி'யில் 'என் இனிய பொன் நிலாவே', 1982இல் 'பயணங்கள் முடிவதில்லை'யில் 'இளைய நிலா'. இரண்டிலும் திரையில் கதாநாயகன் கையில் கிட்டார். அதற்குப் பிறகு திண்டுக்கல்லில் மெல்லிசைக் குழு வைத்திருந்த யாரும் கிட்டார் இல்லாமல் மேடையேற முடியவில்லை.

மேடையில் ஒரு சங்கடம் இருந்தது. இசைத்தட்டில் கேட்ட அதே சத்தத்தை ஜனங்கள் எதிர்பார்ப்பார்கள். ஒலிப்பதிவுக் கூடத்தில் கிட்டாருக்கு எதிரொலி சேர்த்திருப்பார்கள், சில பாட்டில் முரட்டுத்தனம் சேர்த்திருப்பார்கள். வெறும் கிட்டாரை மேடையில் மீட்டினால் 'சொத்' என்று கேட்கும். அந்தக் குறையை நிரப்பத்தான் காலால் மிதிக்கும் பெட்டிகள்.

இந்தப் பெட்டிகளின் கதை ஒரு கோளாறில் தொடங்கியது. 1960இல் அமெரிக்காவின் நாஷ்வில் நகரில் மார்ட்டி ராபின்ஸ் என்ற பாடகரின் பாட்டுக்கு ஒலிப்பதிவு நடந்தது. கிரேடி மார்ட்டின் வாசித்த கிட்டார் போய்ச் சேர்ந்த கருவியில் ஒரு டிரான்ஸ்ஃபார்மர் கெட்டிருந்தது. கிட்டாரின் சத்தம் கிழிந்த துணிபோல வந்தது. அதை அப்படியே விட்டுவிட்டார்கள். மறு ஆண்டு பாட்டு வெற்றி பெற்றது. ஒலிப்பதிவாளர் கிளென் ஸ்நாடி, அந்தக் கிழிசலை வேண்டும்போது வரவழைக்கும்படி டிரான்சிஸ்டர் வைத்து ஒரு பெட்டி செய்தார். 1962இல் கிப்சன் நிறுவனம் அதை 'மேஸ்ட்ரோ ஃபஸ் டோன்' என்ற பெயரில் விற்பனைக்குக் கொண்டுவந்தது. 1965இல் ரோலிங் ஸ்டோன்ஸ் குழுவின் கீத் ரிச்சர்ட்ஸ் அதை வாசித்த பிறகு உலகம் முழுக்கக் கிராக்கி.

குழந்தை அழுவதுபோல 'வா வா' என்று ஒலிக்கும் பெடலும் தற்செயல்தான். 1966இல் கலிபோர்னியாவின் தாமஸ் ஆர்கன் நிறுவனத்தில் பிராட் பிளங்கெட் என்ற பொறியாளர் ஓர் ஆம்ப்ளிஃபையரின் சர்க்யூட்டை மாற்றிக்கொண்டிருந்தார். திருகைச் சுழற்றும்போது சத்தம் வாயைத் திறந்து மூடுவதுபோல மாறியது. அந்தத் திருகை ஆர்கனின் கால் பெடலுக்குள் வைத்தார்கள். எதிரொலிப் பெட்டி இவற்றுக்கு மூத்தது. லண்டனில் 1958இல் வந்த வாட்கின்ஸ் காப்பிகேட், பிறகு 1974இல் வந்த ஜப்பானின் ரோலண்ட் ஸ்பேஸ் எக்கோ இரண்டுக்கும் வேலை ஒன்றுதான். உள்ளே ஒரு காந்த நாடா வளையமாகச் சுற்றும். ஒரு தலை பதியும், சற்றுத் தள்ளியிருக்கும் தலைகள் அதைத் திரும்பப் பாடும்.

நம் நாட்டில் இவை கடையில் கிடைக்காது. இறக்குமதிக்குக் கட்டுப்பாடு, சுங்கவரியோ சாமான் விலையை மிஞ்சும். சென்னை பர்மா பஜார் அல்லது சிங்கப்பூரிலிருந்து வரும் உறவினர், இந்த இரண்டு வழிதான். மூன்றாவது வழி ரேடியோ மெக்கானிக்.

எங்கள் குழுவின் கிட்டார்க்காரர் அந்த மூன்றாவது வழியில் போனவர். என்னைவிட எட்டு வயது மூத்தவர். பகலில் ரேடியோ ரிப்பேர், இரவில் கச்சேரி. நான் அவருக்கு ஒயர் சுருட்டும் எடுபிடி. அவரிடம் மூன்று பெட்டிகள். சிங்கப்பூரிலிருந்து வந்த பழைய வா வா பெடல் ஒன்று. குழுவுக்குப் பொதுவான எக்கோ மிஷின் ஒன்று. நடுவில் இருந்த ஃபஸ் பெட்டியை அவரே செய்திருந்தார். அக்காலத்து டிரான்சிஸ்டர் ரேடியோக்களில் ஸ்பீக்கரை இயக்க ஏ.சி.128 என்ற ஜெர்மானியம் டிரான்சிஸ்டர் இரண்டு ஜோடியாக இருக்கும். ஃபஸ் பெட்டிக்கும் இரண்டே போதும். உடைந்த ரேடியோ ஒன்றிலிருந்து கழற்றி, தகர டப்பாவுக்குள் வைத்துப் பற்றவைத்திருந்தார். ஜெர்மானியத்துக்குச் சூடு ஆகாது. வெயில் ஏறினால் கசிவு கூடிச் சத்தம் கெடும். அதனால் பகல் கச்சேரிகளில் டப்பாவின் மேல் ஈரத் துணி போட்டு வைப்பார். பிள்ளை மாதிரி பார்த்துக்கொண்டார்.

அவருடைய வரிசை எப்போதும் ஒன்றுதான். கிட்டார், வா வா, ஃபஸ், எக்கோ, ஆம்ப்ளிஃபையர். ஏன் என்று நான் கேட்டதில்லை.

1984 மாசித் திருவிழா. இடைவேளைக்கு முன் ஒரு சோகப் பாட்டுக்காக எக்கோ மிஷினைப் பாடகரின் மைக்குக்கு மாற்றியிருந்தோம். இடைவேளையில் திரும்பக் கிட்டாருக்கு மாட்டும் வேலை எனக்கு. மேடைக்குப் பின்னால் இருட்டு, அவசரம். வா வாவிலிருந்து வந்த ஒயரை எக்கோவில் செருகினேன். எக்கோவிலிருந்து ஃபஸ்ஸுக்கு, ஃபஸ்ஸிலிருந்து ஆம்ப்ளிஃபையருக்கு. பெட்டிகள் தரையில் அதனதன் இடத்திலேயே இருந்தன. ஒயர் மட்டும் மாறிவிட்டது.

அப்போது பிரபலமாக இருந்த டிஸ்கோ பாட்டு ஒன்று. அண்ணன் ஃபஸ்ஸை மிதித்தார். முதல் மீட்டலிலேயே ஒரு சுரம் பத்து சுரமாகக் குழம்பி மாவுபோலக் கொழகொழத்தது. கையை எடுத்தார், சத்தம் நிற்கவில்லை. நாடாவின் இரைச்சல் மேலேறியது, பிறகு குழாய் ஊளையிட ஆரம்பித்தது. கூட்டம் சிரித்தது, யாரோ விசிலடித்தார்கள். ஃபஸ்ஸை அணைத்தார், ஊளை நின்றது. மறுபடி மிதித்தார், மறுபடி ஊளை. மேடையில் இருந்த எல்லோருக்கும் தீர்ப்பு தெளிவாகிவிட்டது. "அந்தத் தகர டப்பாவைத் தூக்கிப் போடுய்யா" என்றார் குழுத் தலைவர், மைக்குக்குக் கேட்கும்படி.

மூட்டை கட்டும்போதுதான் ஒயரைக் கவனித்தேன். வாயைத் திறக்கவில்லை.

அன்றிரவு நடந்தது என்ன என்பது, பிறகு தொலைபேசித் துறையில் வேலைக்குச் சேர்ந்து பயிற்சிக்குப் போனபோது புரிந்தது. டிரங்க் லைனில் பேச்சு நெடுந்தூரம் போகும்போது தேய்ந்துவிடும். இடையிடையே பெருக்கிகள் வைப்பார்கள். பெருக்கிக்குப் பேச்சு எது, இரைச்சல் எது என்று தெரியாது. தன்னிடம் வந்ததையெல்லாம் பெருக்கும். அவ்வளவுதான் விஷயம். கிட்டார்ப் பெட்டிகளும் அப்படியே. ஒவ்வொரு பெட்டியும் முன்னால் இருப்பது கொடுத்ததை மட்டும்தான் வாங்க முடியும்.

ஃபஸ் என்பது சின்னச் சத்தத்தைப் பெரிதாக்கி, பெரிய சத்தத்தின் தலையை வெட்டிவிடும் கருவி. அதனால் எல்லாம் ஒரே உயரத்துக்கு வந்துவிடும். அதற்குப் பிறகு எக்கோ இருந்தால், முரட்டுச் சுரம் ஒன்று பிறந்து, அதன் எதிரொலி படிப்படியாகத் தேய்ந்து மறையும். எக்கோவை முன்னால் வைத்தால், தேய வேண்டிய எதிரொலியை ஃபஸ் தேய விடாது, அசலின் உயரத்துக்கே தூக்கிவிடும். சுரங்கள் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து, பிசைந்து, புதிய அபசுரங்கள் பிறக்கும். நாடாவின் இரைச்சலும் கூடவே ஏறும். கிட்டார் ஓய்ந்தாலும் அது ஓயாது. குழாயின் சத்தம் கம்பிகளை அதிரவைத்து, அந்த அதிர்வும் பெருகித் திரும்பக் குழாய்க்கே போய் வட்டமாகிவிடும். ஊளை அதுதான். இன்னொரு காரணமும் உண்டு. பழைய ஜெர்மானியம் ஃபஸ்ஸுக்குக் கிட்டாரின் கம்பிச்சுருள் அருகில் இருந்தால்தான் பிடிக்கும். நடுவே வேறு மின்சாரப் பெட்டி நின்றால் அதன் குரலே மாறி, கீச்சிடும்.

உலகெங்கும் இன்று சொல்லிக்கொடுக்கும் வரிசையும் ஏறக்குறைய அண்ணன் வைத்ததுதான். சுருதி பார்க்கும் கருவி, வா வா முன்னால். ஃபஸ், டிஸ்டார்ஷன் அடுத்து. கோரஸ், ஃபேசர் போன்ற அலையடிக்கும் பெட்டிகள் அதற்கும் அடுத்து. எக்கோ, ரிவெர்ப் கடைசியில். ஒலியளவு பெடலுக்கு மட்டும் இரண்டு இடம் உண்டு. டிஸ்டார்ஷனுக்கு முன் வைத்தால் முரட்டுத்தனம் குறையும், பின் வைத்தால் சத்தம் மட்டும் குறையும்.

ஆனால் இது சட்டமில்லை. ஆம்ப்ளிஃபையரையே கதற வைத்து வாசித்தவர்கள் எக்கோவை அதற்கு முன்னால்தான் செருகியிருந்தார்கள், வேறு வழியில்லை. அந்தக் குழப்பமும் சிலருக்கு அழகாகவே வாய்த்தது. பிறகு ஆம்ப்ளிஃபையரின் நடுவிலேயே எக்கோவைச் சேர்க்கத் தனித் துளை வைத்தார்கள். இப்போது எல்லாம் ஒரே பெட்டிக்குள், விரலால் தள்ளினால் வரிசை மாறிவிடுகிறது. தவறாகப் போட்டால் மறுபடி தள்ளிக்கொள்ளலாம்.

அண்ணனுக்கு அந்த வசதி இல்லை. திருவிழா முடிந்த வாரமே தகர டப்பாவைப் பிரித்துவிட்டார். சூட்டில் டிரான்சிஸ்டர் போய்விட்டது, நம் கைவேலை இவ்வளவுதான் என்று அவருக்கே முடிவாகிவிட்டது. கிட்டாரை விடவில்லை, ஆனால் அதற்குப் பிறகு அவர் எந்தப் பெட்டியும் செய்யவில்லை.

2011இல், ஓய்வுபெறுவதற்குச் சில ஆண்டுகளுக்கு முன், அவர் கடைக்குப் போய் உண்மையைச் சொன்னேன். கூடவே எங்கள் அப்பாவின் பழைய ரேடியோவையும் கொண்டுபோயிருந்தேன். உள்ளே ஏ.சி.128 ஜோடி இருக்கும், அதை வைத்து மறுபடி செய்யலாம் என்று எனக்கு நினைப்பு.

அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. "அப்ப எக்கோவுக்குப் பின்னாடியா இருந்துச்சு?" என்று மட்டும் கேட்டார். ஆமாண்ணே என்றேன். "அப்ப டப்பா நல்லாத்தான் இருந்திருக்கு" என்றார், என்னிடம் இல்லை, தனக்குத்தானே.

பிறகு ரேடியோவின் பின்மூடியைத் திறந்து பார்த்தார். அந்த இரண்டும் இருந்தன. நான்கு செல் போட்டுத் திருகினார். மதுரை நிலையம் பாடியது. திருப்பி மூடி என் கையில் கொடுத்தார். "பாடுறதைப் போயி எதுக்குப்பா பிரிக்கணும்? எடுத்துட்டுப் போ."

அந்த ரேடியோ இன்னும் என் வீட்டில் இருக்கிறது. அவர் இப்போது இல்லை.