துருக்கி வங்கித்துறை: நிதிமயமாதலும் சீர்திருத்தமும்

ஒரு நாட்டின் லாபம் உற்பத்தியைவிட வட்டியிலும் கடன்பத்திரத்திலும் நாணய மாற்றிலும் மிகுதியாகப் பிறக்கத் தொடங்குவதே நிதிமயமாதல். உலகப் பொருளாதாரத்தின் மையத்திலும் சேராமல் விளிம்பிலும் சேராமல் நிற்கும் நாடுகளை இம்மானுவேல் வாலர்ஸ்டைன் அரைவிளிம்பு நாடுகள் என்றார். அவற்றுள் நிதிமயமாதல் டாலர் கடன் வழியே நுழைந்ததற்குத் துருக்கி தெளிவான சான்று.

1980 ஜனவரி 24இல் துர்குத் ஓசால் வகுத்த தாராளமயத் திட்டம் வெளியாயிற்று. ஜூலையில் வட்டிக் கட்டுப்பாடு நீங்கியது. 'பாங்கர்' எனப்பட்ட தரகர்கள் கூடுதல் வட்டி காட்டிப் பணம் திரட்டினர். அவர்களுள் பெரியவரான காஸ்தெல்லி 1982 ஜூனில் நாட்டைவிட்டு ஓடினார். சேமித்தவர்கள் தவித்தார்கள், அடுத்த மாதம், அப்போது துணைப் பிரதமராக இருந்த ஓசாலும் பதவி விலகினார்.

1989இல் வந்த 32ஆம் ஆணை மூலதனம் தடையின்றி எல்லை கடக்க வழிவிட்டது. வங்கிகள் வெளியே டாலரில் கடன் வாங்கி, அதைத் துருக்கி நாணயமான லிராவாக்கி, கொழுத்த வட்டி தந்த அரசுக் கடன்பத்திரங்களில் போட்டன. பட்டறைக்காரருக்கும் உழவருக்கும் கடன் கொடுத்து வசூலிக்கும் பாடு அவற்றுக்குத் தேவைப்படவில்லை. லிரா நிலைத்து நின்றவரை லாபம் கொட்டியது. 1994இல் அது சரிந்தபோது மூன்று வங்கிகள் மூடப்பட்டன. பீதியைத் தணிக்க அரசு எல்லா வைப்புகளுக்கும் முழு உத்தரவாதம் அளித்தது. எந்த வங்கியில் போட்டாலும் பணம் பத்திரம் என்றானதும், முதலாளிகள் சிலர் மக்களின் வைப்பைத் தம் சொந்த நிறுவனங்களுக்கே கடனாகத் திருப்பினர். அரசு வங்கிகளான சிராத்தும் ஹல்க்கும் மலிவுக் கடனால் வந்த இழப்பைக் 'கடமை நட்டம்' என்று கணக்கெழுதி, கருவூலம் தரும் என்று காத்திருந்தன.

2000 நவம்பரில், அரசுப் பத்திரங்களை அளவுமீறிக் குவித்திருந்த தெமிர்பாங்க் தள்ளாடியது. டிசம்பரில் அரசு அதைக் கையகப்படுத்தியது. 2001 பிப்ரவரி 19இல் குடியரசுத் தலைவர் செசருக்கும் பிரதமர் எஜெவித்துக்கும் மூண்ட மோதல் வெளியே தெரிந்ததும் ஒருநாள் கடன் வட்டி ஆயிரக்கணக்கான விழுக்காட்டுக்குப் பாய்ந்தது. மூன்றாம் நாள் லிரா சந்தை மதிப்புக்கே மிதக்கவிடப்பட்டது. ஏப்ரலில் சிறுவணிகர் ஒருவர் தம் கடையின் கல்லா இயந்திரத்தைத் தூக்கிவந்து பிரதமர் அலுவலக வாசலில் வீசினார். அந்த நெருக்கடி சாமானியரை என்ன செய்தது என்பதற்கு அதுவே சாட்சி.

உலக வங்கியிலிருந்து அழைத்துவரப்பட்ட கெமால் தெர்விஷ் நடுவண் வங்கிக்குத் தன்னாட்சி பெற்றுத் தந்தார். வங்கிக் கண்காணிப்பும் இறுகியது. 1999இல் 81ஆக இருந்த வங்கிகள் 2002இல் 54ஆகச் சுருங்கின. வங்கித்துறையைச் சீர்செய்ய ஆன செலவு நாட்டின் ஓராண்டு உற்பத்தியில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு.

இந்தச் சீர்திருத்தம் வங்கிகளைக் காத்தது. 2008 உலக நெருக்கடியை அவை தாங்கின. ஆனால் பத்திர வட்டி இறங்கியதும் வங்கிகள் குடும்பங்களை நாடின. 2002இல் குடும்பங்களின் செலவழிக்கத்தக்க வருமானத்தில் 5 விழுக்காட்டுக்கும் குறைவாக இருந்த கடன், 2013இல் 50 விழுக்காட்டைத் தாண்டியது. அரசின் தோளிலிருந்த சுமை சம்பளக்காரரின் தோளுக்கும் ஏறியதை வெற்றி என்று மட்டும் எழுதுவது நேர்மையாகாது.

அரசின் தோளுக்கும் சுமை திரும்பி வந்தது: 2021 டிசம்பரில் லிரா மீண்டும் சரிந்தபோது, வைப்பாளருக்கு நாணய மதிப்பில் வரும் இழப்பைப் பொதுப் பணத்தால் ஈடுசெய்யும் சிறப்பு வைப்புக் கணக்கை அரசு அறிவித்தது.