பன்னாட்டுத் தொலைபேசி எண் எழுதும் முறை

எந்த நாட்டிலிருந்து அழைப்பவரும் ஐயமின்றிப் பயன்படுத்தும்படி தொலைபேசி எண்ணை எழுதும் முறையைப் பன்னாட்டுத் தொலைத்தொடர்பு ஒன்றியம் ஈ.123 என்ற பரிந்துரையில் வகுத்துள்ளது. +91, +94 எனத் தொடங்கும் எண்கள் இம்முறையைச் சார்ந்தவை.

தொலைபேசி நிலைய ஊழியரே இணைப்புக் கொடுத்த காலத்தில் இப்படியொரு முறை தேவைப்படவில்லை. ஊரையும் எண்ணையும் சொன்னால் போதும். 1963இல் இலண்டனிலிருந்து பாரிசுக்கு நேரடியாக எண் சுழற்றும் வசதி வந்தது. 1964இல் உலகம் ஒன்பது எண் மண்டலங்களாகப் பிரிக்கப்பட்டது. வட அமெரிக்காவுக்கு 1, சோவியத் ஒன்றியத்துக்கு 7 என ஒற்றை இலக்கங்கள் கிடைத்தன. இந்தியாவும் இலங்கையும் 9ஆம் மண்டலத்தில் அமைந்தன.

நாட்டுக் குறியீடு எங்கும் ஒன்றுதான். ஆனால் வெளிநாட்டு அழைப்புக்காக அதற்கு முன் சுழற்றும் எண் இடத்துக்கு இடம் மாறும்: இந்தியாவில் 00, ஐக்கிய அமெரிக்காவில் 011, ஆத்திரேலியாவில் 0011. கூட்டல் குறி இந்த முன்னொட்டுக்குப் பதிலாக நிற்கிறது. 'உங்கள் நாட்டு முன்னொட்டை இங்கே இடுக' என்பதே அதன் பொருள். பிரித்தானியா 1995 ஏப்ரல் 16 அன்று தன் முன்னொட்டை 010இலிருந்து 00க்கு மாற்றியது. அங்கே 010 சேர்த்து அச்சிட்டிருந்த வெளிநாட்டு எண்கள் பழையனவாயின. கூட்டல் குறியிட்டு எழுதியவற்றில் ஓர் எழுத்தைக்கூட மாற்ற வேண்டியிருக்கவில்லை.

குறியை விட்டுவிட்டால் என்ன ஆகும் என்பதற்குத் தமிழர் வாழும் ஊர்களே நல்ல சான்று. சென்னையின் பகுதிக் குறியீடு 044. பிரித்தானியாவின் நாட்டுக் குறியீடு 44. எனவே '44' என்று மட்டும் தொடங்கும் எண் எந்த ஊருடையது என்று சொல்ல முடியாது. கொழும்பின் நிலை இன்னும் வேடிக்கையானது. அதன் பகுதிக் குறியீடு 011. அமெரிக்காவிலிருக்கும் உறவினர் கொழும்பு எண்ணை உள்ளூர் வழக்கப்படியே சுழற்றினால், இணைப்பகம் அந்த 011ஐ வெளிநாட்டு முன்னொட்டாகவே கொள்ளும். அடுத்த இலக்கம் 2 எனில், அழைப்பு பெரும்பாலும் ஆப்பிரிக்க நாடுகளுக்குரிய 2ஆம் மண்டலத்தை நாடும். +94 11 என்று எழுதியிருந்தால் இக்குழப்பம் இல்லை.

இலக்கங்களைப் பிரிக்க இடைவெளி போதும். '+44 (0)20' என அடைப்புக்குறிக்குள் சுழியம் இடுவது பரவலான வழக்கமாயினும், பன்னாட்டு வடிவில் அடைப்புக்குறி கூடாது என்கிறது ஈ.123. அச்சுழியம் உள்நாட்டு அழைப்புக்கு மட்டுமே உரியது; வெளிநாட்டிலிருந்து அதையும் சேர்த்துச் சுழற்றுபவருக்கு இணைப்புக் கிடைக்காமல் போகலாம். இத்தாலி இதற்கு விதிவிலக்கு. 1998 முதல் அங்கே சுழியம் நிலைத்தொலைபேசி எண்ணின் பகுதியாகிவிட்டதால், உரோமை நகர எண்ணை +39 06 என்றே எழுத வேண்டும்.