பீக்கன்: மூடிய கடையும் மூடாத வியாபாரமும்

சமூக வலைத்தளங்களின் வரலாறு என்றாலே யார் எப்போது ஆரம்பித்தார், எத்தனை கோடி பேர் சேர்ந்தார்கள் என்றுதான் படிக்கிறோம். 1997-ல் சிக்ஸ்டிகிரீஸ், 2002-ல் ஃப்ரெண்ட்ஸ்டர், 2003-ல் மைஸ்பேஸ், 2004-ல் ஆர்குட்டும் ஃபேஸ்புக்கும். இந்த வரிசையில் வராத ஒரு பெயர் பீக்கன். இரண்டு வருடம்கூட ஓடாத ஒரு விளம்பரத் திட்டம். ஆனால் நம் தகவல் எப்படி விலை போகிறது என்று புரிந்துகொள்ள இது நல்ல பாடம்.

முதலில் பணக் கணக்கைப் பார்ப்போம். 2007 அக்டோபரில் மைக்ரோசாஃப்ட் 24 கோடி டாலர் கொடுத்து ஃபேஸ்புக்கில் 1.6 சதவீதப் பங்கு வாங்கியது. அப்படியென்றால் மொத்த நிறுவனத்தின் மதிப்பு 1,500 கோடி டாலர்! ஆனால் அந்த வருட வருமானம் சுமார் 15 கோடி டாலர்தான். நூறு மடங்கு வித்தியாசம். உறுப்பினர்களிடம் கட்டணமும் கேட்க முடியாது. விற்பதற்கு இருந்த ஒரே சரக்கு அவர்களுடைய கவனமும் தகவலும்தான்.

2007 நவம்பர் 6 அன்று பீக்கன் அறிமுகமானது. 44 வெளித் தளங்கள் இதில் சேர்ந்திருந்தன. அங்கே நீங்கள் ஒரு பொருள் வாங்கினாலோ, சினிமா டிக்கெட் எடுத்தாலோ, அது ஃபேஸ்புக்குக்குப் போய் உங்கள் நண்பர்களுக்கும் தெரியும். நண்பன் வாங்கியதைப் பார்த்து நாமும் வாங்குவோம் என்பது கணக்கு. வேண்டாம் என்றால், திரையின் ஓரத்தில் சிறிது நேரம் வந்து மறையும் ஒரு பெட்டியில் மறுக்க வேண்டும். சும்மா இருந்தால் சம்மதம்!

அமெரிக்காவில் ஒருவர் கிறிஸ்துமஸுக்கு மனைவிக்குத் தெரியாமல் வைர மோதிரம் வாங்கினார். செய்தி நூற்றுக்கணக்கான நண்பர்களுக்குப் போனது. அந்தப் பட்டியலில் மனைவியும் இருந்தார். பரிசு கொடுக்கும் முன்பே ரகசியம் போய்விட்டது. மூவ்ஆன் அமைப்பு தொடங்கிய எதிர்ப்பு மனுவில் 50,000 பேருக்கு மேல் சேர்ந்தார்கள். டிசம்பர் 5 அன்று மார்க் ஸக்கர்பெர்க் மன்னிப்புக் கேட்டார். 2008-ல் வழக்கு வந்தது. 2009-ல் 95 லட்சம் டாலருக்குச் சமரசம் பேசி பீக்கனை மூடினார்கள்.

மக்கள் ஜெயித்துவிட்டார்கள் என்று தோன்றும். ஆனால் இங்கே இரண்டு விஷயம் இருக்கிறது. ஒன்று, நாம் வாங்கியதை நண்பர்களுக்குக் காட்டுவது. இன்னொன்று, நாம் வாங்கியதை ஃபேஸ்புக் தெரிந்துகொள்வது. மறுப்புச் சொன்னாலும், ஃபேஸ்புக்கை விட்டு வெளியேறியிருந்தாலும் தகவல் போய்க்கொண்டிருந்ததை ஒரு பாதுகாப்பு ஆய்வாளர் அப்போதே கண்டுபிடித்தார். ஆனால் பெரும்பாலான கோபம் முதல் விஷயத்தின் மேல்தான் இருந்தது.

2010 ஏப்ரலில் லைக் பொத்தான் மற்ற தளங்களுக்கும் வந்தது. அந்தப் பொத்தான் இருந்த பக்கத்தைத் திறந்தாலே போதும், அமுக்கவே வேண்டியதில்லை, தகவல் போய்விட்டது. அடுத்து பிக்சல் வந்தது. இது கண்ணுக்கே தெரியாத நிரல். கடைத் தளத்தில் எதைப் பார்த்தோம், எதைக் கூடையில் போட்டோம் என்று சொல்லிவிடும். பீக்கன் செய்த அதே வேலை. ஆனால் நண்பர்களுக்குக் காட்டாது, விளம்பரதாரருக்கு மட்டும் பயன்படும்.

இதனால் சிறு வியாபாரிகளுக்கு நன்மை உண்டு. பத்திரிகையில் விளம்பரம் கொடுக்க வசதியில்லாதவர்கூடக் கொஞ்சம் பணத்தில் சரியான வாடிக்கையாளரைப் பிடிக்க முடிகிறது. ஆனால் விலை கொடுத்தது யார்? 2019-ல் கேம்பிரிட்ஜ் அனலிட்டிகா விவகாரத்துக்குப் பின் அமெரிக்க அரசு விதித்த அபராதம் 500 கோடி டாலர். அந்த வருடம் ஃபேஸ்புக்கின் வருமானமோ சுமார் 7,000 கோடி. அதாவது அபராதம் ஒரு மாத வருமானம்கூட இல்லை. வணிகவியல் படிக்கிறவர்கள் இதை அபராதம் என்று எழுதுவதா, வியாபாரச் செலவு என்று எழுதுவதா?

பீக்கன் தோற்றதற்குக் காரணம் அது நம்மைக் கவனித்தது அல்ல. கவனிப்பதை நமக்கே காட்டிவிட்டது, அதுதான். அடுத்து வந்தவை அந்தத் தவறைச் செய்யவில்லை.